எறும்பின் வழிச் செல்லும் புட்கள்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, விடுதிச் சோற்றையும், துடுப்பாட்ட வெற்றிகளையும், மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளின் பிரம்பையும் பற்றி எழுதுவார் பலர் உளர் என்பதை அறிந்தே இசைந்தோம். அவற்றை எம்மினும் நயம்பட எழுத வல்லார் பலர் நம் பழைய மாணவருள் இருக்கின்றனர். ஆதலின் யாம் ஒரு பறவையைப் பற்றி எழுதத் துணிந்தோம். அப்பறவையை யாம் கல்லூரி வளவிலே கண்டதில்லை. எனினும் அதனை அறிந்துகொள்ளும் கண்ணை எமக்குத் தந்தது கல்லூரியின் விலங்கியற் கூடமே. அங்கு பெற்ற அறிவைக் கைம்முதலாகக் கொண்டு மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு ஆசிரியராய்ச் சென்ற பழைய மாணவர் பலர். அப்பலருள் எம்மையும் எண்ணுக.

எமக்கு வாய்த்த பாடசாலை ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வழியிலே, தேயிலையும் இறப்பரும் அயலயலே வளரும் தாழ்மலைப் பகுதியில் இருந்தது. மாணாக்கர் யாவரும் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர். 1982ஆம் ஆண்டில் ஒரு நாள், உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் வகையைக் கற்பிக்கும்போது, தென்னமெரிக்கக் காடுகளில் எறும்புப் படையின் பின்னே செல்லும் பறவைகளை எடுத்துக்காட்டாகக் கூறினோம். பாடநூலில் இல்லாத செய்தியாயினும் அதனைக் கூறாது விட எமக்கு மனம் வரவில்லை. அச்செய்தியை இங்கும் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

மெக்சிக்கோவின் தென்பகுதி முதலாகப் பிறேசில் வரையும் பரந்து கிடக்கும் வெப்பமண்டலக் காடுகளில் எசிற்றன் என்னும் படையெறும்பு வாழ்கின்றது. அதற்கு நிலையான புற்றில்லை. இலட்சக்கணக்கான எறும்புகள் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு, தம் உடல்களாலேயே பந்தல் போன்றதொரு திரளை அமைத்து, அதன் நடுவே அரசியையும் குஞ்சுகளையும் வைத்துக் காக்கும். பழந்தமிழர் போர்க்களத்திற் கண்ட பாசறை என்னும் சொல்லே அதற்கு மிகப் பொருந்தும். விடிந்ததும் பாசறையினின்று புறப்படும் படை, பல மீற்றர் அகலத்திற்கு விசிறிபோல் விரிந்து காட்டுத் தரையை அரித்துக்கொண்டு முன்னேறும். சருகின் கீழ் மறைந்திருந்த கரப்பான், சிலந்தி, வெட்டுக்கிளி, தேள் யாவும் உயிர் தப்ப ஓடும். ஓடுபவற்றைக் கொத்தித் தின்னவே பறவைகள் படையின் முகப்பிலே காத்திருக்கின்றன. அவை எறும்பைத் தின்பனவல்ல. எறும்பு கலைத்துவிடும் இரையையே தின்கின்றன.

ஏனைய பறவைகள் படை வரும்போது வந்து, போகும்போது போய்விடும். சில பறவைகளோ இப்படையையே தம் வாழ்வாகக் கொண்டவை. ஜிம்னோபித்திஸ், ரெக்மத்தோரைனா, பீனோஸ்ரிக்டஸ், பித்திஸ் முதலிய சாதிகளைச் சேர்ந்த எறும்புப் பறவைகள் அத்தகையன. எறும்புப் படை ஏறக்குறைய பதினைந்து நாள் நாடோறும் இடம் பெயரும். பின் இருபது நாளளவு ஓரிடத்திலே தங்கும். தங்கும் நாளில் அது வேட்டைக்குப் புறப்படுவதும் குறைவு. ஒரே படையை நம்பியிருக்கும் பறவை அந்நாளிற் பட்டினி கிடக்கவேண்டியதே. ஆதலின் அவை பல படைகளின் பாசறைகளை நினைவில் வைத்துக்கொண்டு, காலைதோறும் சென்று எது இன்று புறப்படுகின்றது எனப் பார்த்து வருமாம். எட்வின் வில்லிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1960ஆம் ஆண்டையொட்டிப் பனாமாவிலே இப்பறவைகளின் பின்னே பல்லாண்டு நடந்து இவற்றின் ஒழுக்கத்தை எழுதிவைத்தார். எறும்பின் பின்னே பறவை, பறவையின் பின்னே வில்லிஸ். காட்டில் நடந்த ஊர்வலங்களுள் இதுவும் ஒன்று.

மேலே 'சாதி' என்றோம். இலங்கைப் பாடநூல்களில் விலங்கியலார் ஆளும் கலைச்சொல் அது. நெருங்கிய இனங்கள் பலவற்றை ஒரு குடைக்கீழ் வைக்கும் வகுப்பே சாதி எனப்படும். தமிழகத்தார் இதனைப் பேரினம் என்பர். சாதி என்னும் சொல் நம் ஊர்களில் எத்தகைய பளுவைச் சுமக்கின்றது என்பதை நம் வாசகர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கலைச்சொல் ஆக்கியோர் வேறொரு சொல்லைத் தேடியிருக்கலாம் என்பது எம் கருத்து. ஆயினும் இச்சொல்லில் ஒரு நன்மை உண்டு. மனிதர் தம் சாதியைப் பிறப்போடு ஒட்டியதெனக் கருதி மாற்றவொண்ணாதென்பர். பறவையின் சாதியோ அறிஞர் சிலர் ஓர் ஆய்வேட்டை வெளியிட்ட அன்றே மாறிவிடும். ஜிம்னோபித்திஸ் சாதியையே பாருங்கள். போனபாட் என்னும் பெயருடைய பறவையியலார் 1857ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டின் பின், உயிரணுவிலுள்ள டீ.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை ஒப்புநோக்கியபோது, அதனுள் வைக்கப்பட்ட இரண்டு இனங்கள் உடன்பிறப்பெனக் கருதியவற்றினும் ரெக்மத்தோரைனாவுக்கே நெருங்கியவை எனத் தெரியவந்தது. 2014ஆம் ஆண்டில் அவ்விரண்டுக்கும் ஓனீலோர்னிஸ் என்னும் புதுச் சாதி வகுக்கப்பட்டது. பெருநாட்டுப் பறவைகளை ஆராய்ந்த ஜோன் ஓனீல் என்பவரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. இவ்வளவும் நடந்தபோது அப்பறவைகள் வழக்கம்போல் எறும்பின் பின்னேயே சென்றுகொண்டிருந்தன.

வில்லிஸ் ஆராய்ந்த இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பனாமாக் கால்வாய் அமைத்தற்காக ஆற்றை மறித்தபோது பள்ளத்தாக்குகள் நீரில் ஆழ்ந்தன; குன்றுகள் தீவுகளாயின. பறோ கொலராடோ அவ்வாறு தீவான ஒரு குன்று. அங்கே மரம் வெட்டப்படவில்லை, வேட்டையும் தடுக்கப்பட்டது. எனினும் எறும்புப் பறவைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகிய புள்ளியெறும்புப் பறவை சில பத்தாண்டுகளில் அத்தீவைவிட்டு அற்றுப்போயிற்று. ஒரு சோடி வாழ்வதற்கே பல எறும்புப் படைகள் திரியும் பெருநிலம் வேண்டும். தீவு அதற்குச் சிறிதாய்விட்டது. மஸ்கெலியாவைக் கண்டவர்க்கு இச்செய்தி வேறொன்றையும் நினைவூட்டும். 1969ஆம் ஆண்டில் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீரின் கீழாயிற்று. வரட்சிக் காலத்தில் நீர் வற்ற, மூழ்கிய கோயிலின் இடிபாடுகள் சேற்றிலிருந்து தலைகாட்டும். அதனைக் காணச் சனங்கள் திரள்வர். அப்பள்ளத்தாக்கில் என்னென்ன பறவைகள் கூடு கட்டின என்பதைக் காட்டும் இடிபாடு எதுவுமில்லை.

நிற்க. பாடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், அந்தக் குருவி நம்ம தோட்டத்துல இருக்குங்களா?"

"இல்லை, தம்பி. அது அமெரிக்காக் கண்டத்துக்கு மட்டும் உரியது."

"எறும்பு இருக்குதே, சேர். அப்ப ஏன் குருவி இல்லை?"

அறிவியலிலே நல்ல வினா என்பது இதுதான். எறும்பு நம் நாட்டில் நிறைய உண்டு. படையெறும்பு வகையைச் சேர்ந்தனவும் உள. ஆனால் அவற்றுள் டொரைலஸ் பெரும்பாலும் மண்ணின் கீழேயே நடமாடும்; ஏனிக்டஸ் மெல்லிய நிரையாய்ச் சென்று பிற எறும்புகளின் கூட்டையே கொள்ளையடிக்கும். தரைமுழுதும் விரிந்து கரப்பானையும் வெட்டுக்கிளியையும் கலைத்துவிடும் பெரும்படை இங்கில்லை. கலைத்துவிடுவார் இல்லாதபோது பொறுக்கித் தின்பார்க்கு அங்கு வேலையில்லை. முதன்மழைக்கு ஈசல் கிளம்பும்போது கரிச்சானும் மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்து கூடுவதை அவனுக்கு நினைவூட்டினோம். லயத்துப் பிள்ளைகளும் சட்டியோடு அங்கே கூடுவர் ஆதலால் வகுப்பில் பெருஞ்சிரிப்பு எழுந்தது. ஆயினும் அது ஆண்டிற் சில நாள் விருந்தேயன்றி வாழ்வன்று. அவன் நிறைவடையாமலே அமர்ந்தான்.

பத்து நாள் சென்றிருக்கும். அம்மாணவன் எம் மேசையருகே வந்து, தங்கள் லயத்தின் பின்னே நிற்கும் பலாமரத்தில் எறும்புக் கூட்டுக்குள்ளே ஒரு மரங்கொத்தி போய்வருகின்றதென்றும், அது எறும்பைத் தின்னப் போகிறதா குடியிருக்கப் போகிறதா என்று தெரியவில்லையென்றும் கூறினான். மாலையில் அவனோடு சென்று பார்த்தோம். மரத்தின் கவட்டிலே பானையளவில் கரிய உருண்டையொன்று இருந்தது. வாலை மேலே தூக்கிக்கொண்டு நடக்கும் சிற்றெறும்பாகிய கிரமற்றோகாஸ்டர், தழைக்கூளத்தை மென்று கடதாசி போலாக்கிக் கட்டிய கூடு அது. அதன் பக்கத்திலே வட்டமாய்ச் செதுக்கியதுபோல் ஒரு துளை. அரை மணி நேரங் கழிந்தபின் செங்கபில நிறமும், உடலெங்கும் கரிய குறுக்குக் கோடுகளும், பத்து அங்குல நீளமுமுடைய மரங்கொத்தி ஒன்று வந்து துளையின் வாயிலே பற்றிக்கொண்டது. கண்ணின் கீழே செந்நிறத் திட்டு இருந்தமையால் அது ஆண் எனத் தெளிந்தோம். எறும்புகள் கூட்டின்மேற் பரபரப்பாய் ஓடின. பறவை தலையை உள்ளே நுழைத்தது. பின் முழுதும் மறைந்தது.

செம்மரங்கொத்தி எனப்படும் இப்பறவை எறும்பையே பெரிதும் உண்டு, எறும்பு குடியிருக்கும் கூட்டையே குடைந்து, அதனுள்ளே வெண்ணிற முட்டை இரண்டோ மூன்றோ இட்டுக் குஞ்சு பொரிக்கும். எறும்பு விட்டுப்போன பாழ்மனையன்று அது, உயிரோட்டமுள்ள கூடு. இதன் வாலிறகுகளிலே கடித்தவாறே இறந்த எறும்புகளின் தலைகள் ஒட்டிக்கிடந்ததைப் பழைய ஆசிரியர் குறித்துள்ளனர். மரத்தைத் தட்டி இது எழுப்பும் ஓசையும் வேறு மரங்கொத்திகளினது போலன்று. விரைவாய்த் தொடங்கி, படிப்படியாய் இடைவெளி விட்டு, எண்ணெய் தீர்ந்த மோட்டார்ச் சைக்கிள் நின்றுபோவது போல் ஓயும். அமெரிக்கப் பறவை எறும்பின் வழியே செல்வது. நம் பறவையோ எறும்பின் வீட்டுக்குள்ளேயே செல்வது. மாணவனின் வினாவுக்கு யாம் வகுப்பிற் கொடுத்த விடையினும் பலாமரம் கொடுத்த விடை சிறந்ததென்பதில் ஐயமில்லை.

அன்று அவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பெயர் மைக்ரோப்டெர்னஸ் பிராக்கியூரஸ் என்பது. பின்விரல் மிகச் சிறிதாயிருத்தல் பற்றிக் கல்கத்தாவிலிருந்த எட்வேட் பிளைத் 1845ஆம் ஆண்டில் வகுத்த சாதிப்பெயர் அது. சிறுகுதியுடையது என்பது அதன் பொருள். இனத்தை முதலில் விவரித்தவர் பிரெஞ்சு அறிஞர் வியயோ. அது 1818இல், யாவாத் தீவிலிருந்து பெற்ற பறவையைக் கொண்டு. ஆக, மைக்ரோப்டெர்னஸ் என்னும் வீட்டில் ஒரே ஒரு குடி. 1982ஆம் ஆண்டிலேயே லெஸ்ரர் ஷோட் என்னும் மரங்கொத்தி வல்லுநர் உலக மரங்கொத்திகளைப் பற்றிய தம் பெருநூலில் அதன் தனிவீட்டைக் கலைத்து, தென்னமெரிக்காவிலுள்ள சீலியஸ் என்னும் சாதியோடு அதனைச் சேர்த்தார். சீலியஸ் பறவைகளும் செங்கபில நிறத்தன. எறும்பையும் கறையானையும் உண்பன. மேனியமைப்பாலும் நம் பறவையை ஒத்திருப்பன. அவ்வொற்றுமையை நோக்கின் ஷோட்டின் முடிவு பொருத்தமற்றதெனக் கூறவியலாது. பின்வந்த பறவைக் கையேடுகள் பலவும் அவரைப் பின்பற்றின. பசிபிக்குக்கும் அத்திலாந்திக்குக்கும் அப்பால் வாழும் பறவைகளோடு கினிகத்தேனை மரங்கொத்தி உறவுமுறை கொண்டாடிற்று.

அவ்வுறவு இருபத்துநான்கு ஆண்டே நின்றது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த டீ.என்.ஏ. ஆய்வொன்று, செம்மரங்கொத்திக்கும் சீலியஸுக்கும் இடையே நெருங்கிய உறவில்லை என்றும், தென்கிழக்காசியாவில் வாழும் மெய்க்ளிப்டிஸ் என்னும் சிறு மரங்கொத்திகளே அதன் உண்மை உறவினர் என்றும் காட்டிற்று. இரு கண்டங்களில் ஒத்த உணவும் ஒத்த தொழிலும் ஒத்த மேனியைத் தந்துவிட்டன, இரத்தம் வேறு. மைக்ரோப்டெர்னஸ் தன் பழைய பெயரையும் தனிவீட்டையும் திரும்பப் பெற்றது. அம்மாணவன் அப்போது மலைநாட்டிலே ஆசிரியனாயிருந்தான். அவன் எமக்கு எழுதிய கடிதத்தில், "சேர், நம்ம குருவி மறுபடியும் பழைய சாதிக்கே வந்துவிட்டது, கலப்பு மணம் நிலைக்கவில்லை" என்றிருந்தது. அதனைப் படித்து யாம் உரக்கச் சிரித்தோம்.

பெயர் வைத்தோரைப் பற்றிச் சிறிது கூறாது மேலே செல்லல் தகாது. மலைநாட்டுப் பறவைகளின் அறிவியற் பெயர்களைப் புரட்டினால், கோப்பித் துரைமாரும் அரச உத்தியோகத்தரும் அவர்தம் மனைவியரும் நிரையாய் வருவர். மலையோடைகளின் ஓரத்தே வாழும் சீழ்க்கைப் பாடகப் பறவை, கோப்பித் தோட்டத்தாராகிய பிளையின் பெயரால் 1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வேர்த் என்பவரால் குறிக்கப்பட்டது. மலைப்புறா, தேசாதிபதி ரொறிங்ரனின் மனைவியார் பெயரைச் சுமக்கின்றது. அவர் கணவர் ஆட்சியிலேதான் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டது என்பதை வரலாறு கற்றோர் அறிவர். காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களே அக்காட்டுப் பறவைக்குப் பெயராய் நிலைத்தனர். 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, பறவையின் பெயர் மட்டும் மாறவில்லை. இவர்களுள் உண்மையான பறவையன்பர் இருந்தனர் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் காட்டுக்குள் முன்னே சென்று வழி வெட்டியவனும், சுட்ட பறவையைப் பள்ளத்திலிருந்து எடுத்து வந்தவனும் எந்நூலிலும் பெயர் பெறவில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கால்நடையாய் வந்த அவர்கள் குடிக்கணக்கில் எண்ணாகவே நின்றுவிட்டனர்.

எறும்பும் நம் நாட்டிலே ஒரு பழங்குடியைக் காத்து வைத்திருக்கின்றது. அனியூரீற்றஸ் சைமோனி என்னும் அவ்வெறும்பை 1893ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் எமரி விவரித்தார். அதன் உறவினரெல்லாம் கற்பதிவுகளாய்க் கிடக்க, உயிரோடிருப்பது இலங்கையின் ஈரவலயத்தில் அது ஒன்றே. 1955ஆம் ஆண்டில் இளைஞராயிருந்த எட்வேட் வில்சன் அதனைத் தேடி வந்து இரத்தினபுரிப் பகுதியிலே கண்டார். எறும்பியலின் பேராசானாய்ப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே வில்சன்தான். சிவனொளிபாதத்துக்கு இரத்தினபுரி வழியே ஏறும் அடியார் எத்தனை பேர் அவ்வெறும்பை அறியாது மிதித்துச் சென்றனரோ!

இனித் தவிட்டுக்குருவி. யாழ்ப்பாணத்திலே புலுனி என்று சொல்லி நம் வளவுகளில் நாம் அன்றாடம் காணும் கூட்டப் பறவையேதான். அதன் சிங்களப் பெயர் தெமலிச்சா. அப்பெயரின் முற்பகுதி தமிழரைக் குறிக்கும் சிங்களச் சொல்லையே நினைவூட்டும். இடையறாது கூட்டமாய்ச் சலசலக்கும் பறவைக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதை வாசகரின் நகைச்சுவை உணர்வுக்கே விட்டுவிடுகின்றோம். ஈரவலயக் காட்டில் வாழும் அதன் செம்பழுப்பு உறவினர் ரத்து தெமலிச்சா. சாம்பற்றலை உறவினர் அளு தெமலிச்சா. இவ்விரண்டும் இலங்கைக்கே உரியவை. சாதி மாற்றத்தில் இவை மரங்கொத்தியையும் வென்றன. செம்பழுப்புப் பறவையை 19ஆம் நூற்றாண்டினர், இலங்கையில் இருந்து பறவை திரட்டிய லேயாட் என்பாரை நினைந்து லேயாடியா என்றனர். பின்வந்தோர் டர்டாய்டிஸ் என்றனர். சாம்பற்றலையது கருலாக்ஸ் என்னும் வேறொரு சாதியில் இருந்தது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான ஆய்வு, வளவுப் புலுனி உட்பட இம்மூன்றையும், 1831இல் லெசன் வகுத்துப் பின் வழக்கொழிந்த ஆர்கியா என்னும் சாதியிற் கொண்டுவந்து சேர்த்தது. சிங்களக் கிராமத்தார் மூன்றையும் தெமலிச்சா என ஒரே பெயராற் சுட்டியதில் இருந்த நுட்பத்தை அறிவியல் எட்டிப்பிடிக்க நூற்றைம்பது ஆண்டுக்கு மேற் சென்றது.

இவற்றை இங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. எறும்பைத் தொடரும் பறவை நம் நாட்டில் இல்லையாயினும், பறவையைத் தொடரும் பறவை உண்டு. காட்டினுள்ளே ஓசையற்ற நெடுநேரம் கழிந்தபின், திடீரெனப் பலவினப் பறவைகள் ஒருங்கே வந்து, கிளைதோறும் தேடி, ஒருங்கே மறைவதைக் கண்டவர் அறிவர். லிண்டா பாற்றிட்ஜ், ஆஷ்குறொவ்ட் என்னும் இருவர் இலங்கை மலைக்காட்டுக் கலப்புக் கூட்டங்களைப் பற்றி 1976இல் எழுதினர். பின்னர்ப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் சிங்கராஜ வனத்திலே இக்கூட்டங்களை ஆண்டுக்கணக்காய் ஆராய்ந்தனர். செம்பழுப்புத் தெமலிச்சாவும் கொண்டைக் கரிச்சானுமே அங்கு கூட்டத்தின் நடுநாயகம். தெமலிச்சா இலையைக் கிளறிச் செல்ல, கலைந்து பறக்கும் பூச்சியைக் கரிச்சான் பிடிக்கும். எறும்புப் படை செய்யும் வேலையை இங்கே தெமலிச்சா செய்கின்றது எனலாம். கரிச்சான் சும்மா உண்பதுமன்று. வல்லூறு வருங்கால் முதலிற் குரலெழுப்பிக் காப்பதும் அதுவே. பிற பறவைகளின் குரலை அது ஒப்பித்து அவற்றைக் கூட்டத்தோடு சேர்ப்பதையும் அவ்வறிஞர் ஒலிப்பதிவால் நிறுவினர். நுவரெலியாப் பக்கத்துக் குளிர்மலைகளில் கொண்டைக் கரிச்சானின் இடத்தை யாம் கண்டதில்லை. அங்கு மலை வெள்ளைக்கண்ணியும், மஞ்சட்காதுக் கொண்டைக் குருவியும், சிட்டுப் போன்ற சிறு பறவைகளும் சேர்ந்து கூட்டமாய்த் திரியும். தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடைக்கரையில் எஞ்சிய காட்டுத் துண்டுகளினூடே அவை வந்து, வெளியான தேயிலையைக் கண்டதும் தயங்கித் திரும்புவதைப் பன்முறை கண்டோம்.

பலாமரத்துக்கு வருவோம். அது நின்ற வரிசையைத் தறிப்பதற்குத் தோட்டத்தில் முடிவாகியிருந்தது. மரந்தோறும் சிவப்பு மையால் வளையம் இடப்பட்டது. அம்மாணவனின் தந்தையார் மரம் வெட்டும் கூட்டத்தில் ஒருவர். மகன் சொல்லியதைக் கேட்டவரோ, தாமே மேலே பார்த்தவரோ அறியோம். வரிசை முழுதும் விழுந்தபின்னும் அம்மரம் மட்டும் நின்றது. கணக்கப்பிள்ளை காரணம் கேட்க, "அதுல கடியெறும்பு மொய்க்குதுங்க ஐயா. ஏறினா உடம்பு பூரா புடுங்கி எடுத்துரும். மழை வரட்டும், பாப்போம்" என்றாராம். மரமேறிப் பழகிய அம்மனிதர் இதனிலும் கொடிய எறும்புகளைத் தட்டிவிட்டுக் கொப்பு வெட்டியதை ஊரறியும். கணக்கப்பிள்ளையும் அறிவார். எனினும் அவர் தம் கொப்பியிலே ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். குஞ்சுகள் இரண்டு வெளியேறியதை அம்மாணவன் நாள் குறித்து வைத்தான்.

தந்தையார் அப்போது இந்தியக் கடவுச்சீட்டுடன் இருந்தவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்வோர் நிரலில் அவர் குடும்பமும் இருந்தது. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தமிழரை இரு வகுப்பாக்கினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இரண்டாம் வகுப்பினருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டில் இரு பிரதமர்களும் 975,000 பேரை எண்ணி, அவருட் பெரும்பாலோரைப் பங்கிட்டனர். அம்மாணவனின் பெரிய தாத்தா முந்திய கப்பலிலே தலைமன்னார் வழியாய் இராமேசுவரம் சென்று, நீலகிரியிலே தாயகம் திரும்பியோர்க்காகத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டத்திற் குடியேறினார். தந்தையாரின் முறை வருமுன் 1984ஆம் ஆண்டில் கப்பல் நின்றது. அவர் இந்தியக் குடிமகனாய் இலங்கைத் தோட்டத்திலேயே மரம் வெட்டிக்கொண்டிருந்தார். 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவரை இந்நாட்டவராக்கியது. யாம் அதற்கு நெடுநாள் முன்னரே, 1983ஆம் ஆண்டின் பின், வடக்கே திரும்பிவிட்டோம்.

நீலகிரித் தாத்தாவுக்கு அப்பிள்ளை பறவையைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதற்கு வந்த விடையை யாம் மலைநாட்டை விட்டு வரும்போது எமக்குப் படித்துக் காட்டினான். கூடலூருக்குக் கீழே காட்டோரம் அதே நிறத்து மரங்கொத்தியைத் தாம் கண்டதாகவும், ஆனால் எறும்புக் கூட்டில் அன்றி மூங்கிலிலே அது தட்டிக்கொண்டிருந்ததாகவும், இங்கே குளிர் அதிகமென்றும், பலாமரத்தில் இவ்வாண்டு காய் எத்தனை என்றும் கிழவர் எழுதியிருந்தார். தென்னிந்தியச் செம்மரங்கொத்தியையும் இலங்கையினதையும் பறவையியலார் ஜேர்டோனி என்னும் ஒரே உள்ளினமாகவே கொள்கின்றனர். கடல் இடையே கிடப்பினும் வேறு பெயர் சூட்டத்தக்க வேற்றுமை எதனையும் அவர்கள் காணவில்லை.

பலாமரம் இன்றும் நிற்கின்றதாக அவ்வாசிரியர் அண்மையில் எழுதினார். எறும்பு இடம் மாறிவிட்டது. தாழ்மலைத் தோட்டங்களில் தொழில் பார்க்கும் பழைய மாணவர்க்கும், விலங்கியல் கற்கும் இன்றைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். மாசி பங்குனி மாதங்களில் மரக்கவட்டிலே கரிய பானைபோன்ற எறும்புக் கூட்டைக் கண்டால், கல்லெறியாது, பக்கத்தில் வட்டத் துளை உண்டோவென நோக்குக. உண்டாயின், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், கண்ட நாள், துளை எத்திசை நோக்கியது ஆகியவற்றை ஒரு தபாலட்டையில் எழுதிக் கல்லூரி விலங்கியற் கூடத்துக்கு அனுப்புக. சாதிப்பெயரை எழுதும்போது மட்டும் அவ்வாண்டு எது வழக்கில் உளதோ அதனைக் கேட்டறிந்து எழுதுதல் நலம்.